புல்வெளியில் மரம் நட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் புல் மூடிய சரிவுகளை 'வெற்று நிலம்' என்று சொல்லி மரக்கன்று நட ஆள் திரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது. பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி என்று பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கும் வாழிடம் அது. பருவமழையைப் பஞ்சுபோல வாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளில் கசியவிடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். பவானிக்கும் மாயாற்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

நம் மாநில விலங்கான வரையாடு புல்லை மேய்கிறது. அதைச் சிறுத்தை வேட்டையாடுகிறது. சாணமும் மடிந்த உடல்களும் நுண்ணுயிர்களால் மட்கி மீண்டும் புல்லுக்கு உரமாகின்றன. புல்லை அகற்றிவிட்டால் வரையாடு எங்கே போகும்?

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆஸ்திரேலியச் சீகை மரம் ஏற்கெனவே ஏராளமான புல்வெளியை விழுங்கிவிட்டது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா மண்ணில் நைட்ரஜனைக் கூட்டி, அதன் தன்மையையே மாற்றுகிறது. விதைகளோ பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டினால் கூட்டங்கூட்டமாக முளைக்கும்.

ஆகவே சீகையை வெட்டுவதோடு வனத்துறை நின்றுவிடக் கூடாது. வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல்வகைகளை நடவும், முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கவும் தொடர்ந்து நிதி ஒதுக்க வேண்டும். மரம் நடத் துடிக்கும் அமைப்புகள் இந்தக் களையெடுப்புக்கு வரலாமே.

– ஒரு வாசகர், கோத்தகிரி