பத்து மணி ஆராதனையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்புக்குரிய சேகர முகாமைக்குரு ஐயா அவர்களுக்கும் செயற்குழுவிலுள்ள அண்ணன்மார், அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

பத்து மணித் தமிழ் ஆராதனை ஏன் ஏழு மணிக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஒன்பதரைக்கு இளைஞரின் துதி ஆராதனை. அதற்கு முன் டிரம்ஸ், கீபோர்ட், திரை எல்லாம் பூட்டிச் சரிபார்க்க வேண்டும். சரி, இளைஞர் வரட்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போன மாதம் முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று திருவிருந்து, அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் நாள். எழுபத்திரண்டு வயதான என் அம்மா, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லய வீட்டிலிருந்து இருட்டோடு இறங்கி, சந்திக்கு நடந்து, ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தார். அதுதான் முதல் பஸ். கோயிலுக்குள் நுழைந்தபோது எட்டரை. நீங்கள் கடைசி ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தீர்கள். திருவிருந்து மேசையை வெள்ளைத் துணியால் மூடியாகிவிட்டது. பக்கத்தில் ஒரு தம்பி மைக் வயரை இழுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சேலைக் கரை பனியில் நனைந்திருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. முந்தானையில் முடிந்து வந்த காணிக்கையை அவிழ்த்துக் கையில் வைத்தபடி, காணிக்கைப் பை இன்னொரு தடவை வருமா என்று பார்த்துக்கொண்டு கடைசி வாங்கருகே நின்றார். "அடுத்த மாசம் நேரத்தோட வாங்கம்மா" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள் ஐயா.

அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் அறிவித்தல் பலகை. அதில், நத்தாருக்கு நீங்கள் தோட்டத்துக்கு வந்து உலர் உணவுப் பொதி கொடுத்த படம். பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது அம்மாதான். அரிசி, பருப்பு, சீனி, மீன் டின், நன்றியோடுதான் வாங்கினோம். பதாகை கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்துக் கட்டும்வரை வெயிலில் நின்றதையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. படத்தில் இருக்கிறவருக்கு மேசையில் இடமில்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

தோட்டத்து ஞாயிறு உங்களுக்குத் தெரியாததல்ல. கிழமை முழுவதும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் பீலித் தண்ணீரில் துணி அலசுவதும் அன்றுதான். சிலர் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கவும் போவார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குத்தான் பத்து மணி வேண்டும் என்று கேட்கிறேன்.

நேரமாற்றம் கூட்டத்தில் எடுத்த முடிவு என்கிறீர்கள். கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. எங்கள் கடைசி பஸ் ஐந்தரைக்கு. தோட்டத்திலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருப்பது முழு உண்மை. ஆளே வரவில்லையே!

ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பதே ஏறக்குறையப் பாவம் என்று நினைத்திருந்தவர் நம் மெதடிஸ்த திருச்சபையின் தந்தை ஜோன் வெஸ்லி. அவரே 1739இல் பிரிஸ்டல் பக்கத்தில் வெட்டவெளியில் நின்று கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குப் பிரசங்கித்தார். நேரத்தோடு வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்பவில்லை. இலங்கைக்கு ஊழியத்துக்கென்று கப்பலேறிய, வெஸ்லியின் உடன் ஊழியர் தோமஸ் கோக், 1814இல் இந்தக் கரையைக் காணாமலே கடலில் இறந்துபோனார். கூட வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு தூரம் வந்த திருச்சபைக்கு ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கும் மூன்று மணிநேரம்தானா பெரிய தூரம்? துதி ஆராதனையை ஏழுக்கு வைத்துப் பாருங்களேன். டவுன் பிள்ளைகள், ஐந்து நிமிட நடை, எழும்பிவிட மாட்டார்களா?

மன்னிக்கவும். குத்திப் பேசுவதற்காக எழுத உட்காரவில்லை. தமிழ் ஆராதனையைப் பழையபடி பத்து மணிக்கு வையுங்கள் என்று பணிவோடு கேட்கவே வந்தேன். எல்லா ஞாயிறும் முடியாதென்றால், திருவிருந்து உள்ள முதல் ஞாயிறாவது பத்து மணிக்கு இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால், மாதம் ஒரு தடவை அப்பமும் இரசமும் உணவுப் பொதி வந்த அந்த வான் வண்டியில் ஏறி டிவிசனுக்கு வரட்டும். பதாகை தேவையில்லை.

வருகிற முதல் ஞாயிறும் அம்மா அதே ஏழேகால் பஸ்ஸில்தான் வருவார். நேரம் மாறினாலும் மாறாவிட்டாலும், தயவுசெய்து அவர் வந்து சேரும்வரை அந்த மேசையை மூடவேண்டாம்.

கர்த்தருக்குள்,
தோட்டத்துச் சபை அங்கத்தவன் ஒருவன்