மெரிதாவிலிருந்து அக்காவுக்கு

மெரிதா, யுகடான் மாநிலம்,
மெக்சிகோ.
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. ஓரத்தில் அம்மா எழுதியிருந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் படித்தேன். அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். தோட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால் அத்தான் ஒரு அதட்டல் போடட்டும்.

நான் ஜாகை மாற்றிவிட்டேன். பழைய வீடு ஒற்றை ஆளுக்குப் பெரிது. கூட்டித் துடைப்பதிலேயே விடுமுறை நாள் போய்விடும். இப்போது சந்தியாகோ சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியறையில் இருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது. கட்டில் கிடையாது, இந்த ஊரில் சுவருக்குச் சுவர் கொக்கி அடித்து, நூலில் பின்னிய பெரிய தூளியில்தான் எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது. இந்த மாதம் வரும் பணம் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெசோவின் மதிப்பு இறங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல். புளி கிடைக்கிறது, முருங்கை கிடைக்கிறது, கறிவேப்பிலைதான் இல்லை. சாயா என்று ஒரு கீரை. பச்சையாகத் தின்றால் விஷம். நன்றாக வேகவைத்து, பருப்புப் போட்டுக் கடைந்தால் நம் வீட்டுக் கீரை போலவே வருகிறது. அபனேரோ மிளகாயில் பாதி போட்டால் ஒரு சட்டி குழம்புக்குப் போதும். திங்கட்கிழமை என்றால் ஊர் முழுக்கக் கருப்பு மொச்சை மாதிரி ஒரு பயறும் பன்றிக்கறியும்தான். கறி போடுவதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் பயறை எடுத்துவைத்துவிடுகிறார் கீழ்வீட்டு அம்மாள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்; தெருவே அவரை ‘மாயெஸ்த்ரோ’ என்றுதான் கூப்பிடுகிறது. அவரோடு முப்பது வருடங்களுக்கு மேலாக வாழ்பவர் ஒரு தையல்காரர். இந்த ஊரின் பேர்பெற்ற குவயபெரா சட்டைகளைத் தைத்துத் தைத்தே முதுகு வளைந்தவர். அந்தத் தையல்காரரின் அக்காதான் இந்த அம்மாள். விடிந்தால் தேவாலயம், அடைந்தால் ஜெபமாலை. சட்டைக்கு இஸ்திரி போட்ட கையோடு நான் குளிர்ந்த நீரில் கை வைத்தால், எலும்பில் வாதம் இறங்கிவிடும் என்று வாசல்வரை துரத்திக்கொண்டு வந்து திட்டுவார். ஊரை விட்டு வந்தபின் என்னை அப்படி யாரும் திட்டியதே இல்லை அக்கா.

போன மாதம் மாயெஸ்த்ரோவுக்கும் தையல்காரருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. இருவரும் வெள்ளைக் குவயபெரா போட்டிருந்தார்கள். இரண்டும் தையல்காரர் கையாலேயே தைத்தவை. பதிவாளர் படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டு விரல்ரேகையும் வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அந்த அக்கா. நான் சேமியாப் பாயசம் செய்து கொண்டுபோனேன். இங்கே கூம்பு அச்சில் வெல்லம் கிடைக்கிறது, பட்டை போட்டேன். பதிவாளர் அம்மாள்கூட இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார்.

இந்த ஒரு கையெழுத்துக்காக இந்த மாநிலம் அவர்களை எவ்வளவு காக்கவைத்தது! தலைநகர் மெக்சிகோ நகரத்தில் 2010 மார்ச்சிலேயே ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அங்கே நடந்த திருமணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தெரிந்தவர்கள் சிலர் அங்கே போய்ப் பதிந்துகொண்டு வந்தார்கள். மாயெஸ்த்ரோ மறுத்துவிட்டார். தான் பாடம் சொல்லிக்கொடுத்த ஊரில்தான் தன் கல்யாணம் என்று நின்றார். யுகடானோ 2009இல் மாநில அரசியல் சாசனத்திலேயே, 94ஆம் பிரிவில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று எழுதி வைத்திருந்தது. அப்படிப்பட்ட மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், புத்தகத்திலிருந்த வரி தானாக அழியவில்லை. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியே வக்கீல் வைத்து, கூட்டாட்சி நீதிபதியிடம் ‘அம்பாரோ’ என்ற பாதுகாப்பு ஆணை வாங்கி வந்தால்தான் பதிவாளர் பேனாவை எடுப்பார்.

2019இல் இரண்டு முறை, ஏப்ரலிலும் ஜூலையிலும், சட்டமன்றத்தில் இது வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டு முறையும் ரகசிய வாக்கெடுப்பு. இரண்டு முறையும் தோற்றது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது மாயெஸ்த்ரோவின் குரல் நடுங்குகிறது. தோற்றதைவிட, யார் எப்படி வாக்களித்தார் என்று முகம் காட்டாமல் போனதுதான் அவரால் பொறுக்க முடியாதது. அது மக்கள் பிரதிநிதிகள் செய்யும் காரியமா? நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. 2021 ஆகஸ்டில் அந்த ரகசிய வாக்கெடுப்புகளை ரத்து செய்து, வெளிப்படையாக வாக்களியுங்கள் என்றது. ஆகஸ்ட் 25ஆம் தேதி அதே சட்டமன்றம் கூடியது. 25 பேரில் 20 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு. கடைசி மாநிலமான தமௌலிபாஸ் 2022 அக்டோபரில் சேர்ந்துகொண்டது. இப்போது 31 மாநிலங்களிலும் தலைநகரிலும் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லும்.

சட்டம் வந்தும் இவர்கள் காத்திருந்தார்கள். தன் உயிர் இருக்கும்வரை நடக்கக் கூடாது என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். போன குளிர்காலத்தில் மாயெஸ்த்ரோவுக்கு நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டுத் தையல்காரரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரவு முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பியைக் காலையில் வந்து பார்த்தார் அக்கா. அதன் பிறகு எந்தத் தேதியில் பதிவு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரித்து வந்ததே அவர்தான். தேவாலயத்தில் வேண்டாம், அதை என்னிடம் கேட்காதே என்று மட்டும் சொன்னாராம். இந்த நாட்டில் 1859இலிருந்தே பதிவாளர் முன் நடப்பதுதான் சட்டப்படி திருமணம் என்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

இப்போது ஆடி பிறக்கப் போகிறது. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டதா? பருத்தியும் வத்தலும் சூறை விடுவதைப் பார்க்க அப்பா தோளில் ஏறி நின்றது நினைவுக்கு வந்து, நேற்று மழை நின்ற பிறகும் வெகுநேரம் மாடியிலேயே இருந்துவிட்டேன். சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பு. பிள்ளைகளை நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது! சின்னவனுக்கு என்னை அடையாளம் தெரியுமா?

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் சித்தப்பா மகளுக்கு நிச்சயம் செய்வதாகவும், நான் சொன்னால் அவள் கேட்பாள் என்றும் எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் அவள் யாரோடு இருக்கிறாள் என்பது உனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்து ஆச்சியின் கடைசி நாட்களில் படுக்கை மாற்றியதை மறந்துவிடாதே. நான் பேச மாட்டேன் அக்கா. நீயும் பேசாதே. பெண் பார்க்க வருகிறவர்களைச் சித்தப்பா நிறுத்தட்டும். விவரம் தெரியாத ஒரு பையனின் வாழ்க்கையும் அல்லவா இதில் சேர்ந்து கெடும்?

நம் நாட்டில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. ஆகவே அவளுக்கு நாம்தான் இருக்கிறோம். சொன்னபடி கேட்காவிட்டால் ஆச்சி வீட்டில் பங்கு இல்லை என்று சித்தப்பா சொன்னாராமே, அது எனக்கு வலிக்கிறது. அவர் கொடுக்காவிட்டால் போகட்டும், ஆச்சி வீட்டில் என் பங்கை அவள் பெயருக்கு எழுதிவிடு. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பவர் பத்திரத்தின் வாசகத்தை அத்தானிடம் எழுதி வாங்கி அனுப்பு; பட்டா எண்ணும் கதவு எண்ணும் சரியாக இருக்கட்டும். மெக்சிகோ நகரத்தில் நம் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். பஸ்ஸில்தான் போவேன், ஒரு நாள் பயணம், சிரமம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். சித்தப்பாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தம்பி