சைக்கிள் தானாக ஓடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக மாற்றக் கோட்பாடுகள் பற்றி நீங்கள் வெளியிடும் தொடரில், போன வாரம் ஒரு வரி வந்திருந்தது. சைக்கிளும் டிவியும் செல்போனும் வந்த பிறகு கிராமத்துப் பெண்களின் வாழ்க்கை தானாகவே மாறிவிட்டதாம். அந்தத் 'தானாகவே'யைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் புதுக்கோட்டைக்காரி. 1992-இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். அதற்குப் பல வருஷம் முன்பே எங்கள் ஊருக்கு சைக்கிள் வந்துவிட்டது. அப்பாவிடம் ஒன்று, சித்தப்பாவிடம் ஒன்று, பால்காரரிடம் ஒன்று. நாங்கள் கேரியரில்தான் உட்கார்ந்து போனோம். பொருள் வந்தாலே வாழ்க்கை மாறிவிடும் என்றால் என் அம்மா அல்லவா முதலில் ஓட்டியிருக்க வேண்டும்?

எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் இயக்கத்தில் இருந்தவர்களும் முனைந்து நின்றார்கள். சாயங்காலம் கண்மாய்க்கரைப் பொட்டலில் பழக்குவோம். கல்குவாரியில் வேலை பார்த்த ஒரு அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, நான்கு பெடல் மிதிப்பதற்குள் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு, "பின்னாடி பிடிம்மா, விட்றாத" என்று மறுபடியும் ஏறினார். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வாடகை சைக்கிள் கடைக்காரர் பொம்பளைகளுக்குத் தர மாட்டேன் என்றார், அவரிடம் மூன்று நாள் நடந்தோம். ஒரு மாதத்தில் அந்த அக்கா ஆண்கள் சைக்கிளின் பாரில் மகனை உட்கார வைத்து, பின்னால் குடத்தைக் கட்டித் தண்ணீர் எடுத்து வந்தார். இதில் எது சார் தானாக நடந்தது?

பொருள் முந்தும், பழக்கவழக்கம் பிந்தும் என்று அமெரிக்க சமூகவியலாளர் ஆக்பர்ன் 1922-இல் எழுதியதைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார், சரி. பிந்தி நின்றதை யார் இழுத்து வந்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே. ரயில் வந்தால் சாதியின் அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும் என்று 1853-இல் மார்க்ஸும்தான் எழுதினார். ரயில் வந்தது, கூடவே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் 'பிராமணாள்', 'இதராள்' (மற்றவர்கள்) என்ற தனி இடங்களும் வந்தன. பெரியார் இயக்கத்தார் விடாமல் போராடி 1941-இல்தான் அது ஒழிந்தது. உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை, அதனால்தான் வருத்தம் அதிகமாக இருக்கிறது.

எனக்கு இந்த வருத்தம் புதிதும் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். பரிணாமம், சுழற்சி, செயல்பாடு, மோதல் என்று நான்கு கோட்பாட்டை ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம், "உன் பாட்டி ஏன் சைக்கிள் ஓட்டவில்லை, உன் அம்மா எப்படி ஓட்டினாள்?" என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்கள் படித்த உதாரணமெல்லாம் பிரான்ஸும் இங்கிலாந்தும்தானே. நீங்களும் மகளிர் தினச் சிறப்பிதழில் வருஷா வருஷம் ஸ்கூட்டரில் போகும் பெண்ணின் படம் போட்டு, ஸ்கூட்டர்தான் விடுதலை தந்தது என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். விழுந்து எழுந்தவர்களின் பெயர் எங்கேயும் வருவதில்லை.

அடுத்த வாரம், போராட்டத்தால்தான் சமூகம் மாறுகிறது என்கிற மோதல் கோட்பாடு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது புதுக்கோட்டையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இரண்டு வருஷத்துக்கு முன் மகளிர் தின இதழுக்காக நீங்கள் கேட்டீர்கள் என்று அந்த அக்கா சைக்கிளில் இருக்கும் புகைப்படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். பிரசுரம் ஆகவில்லை, பரவாயில்லை. அவர் போன தை மாதம் காலமாகிவிட்டார், மகன் படத்தைக் கேட்கிறான். என்னிடம் வேறு பிரதி கிடையாது. தேடிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், தபால் செலவை நானே தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்