அம்மாவின் ஏழு சீலையும் ஒரு போர்வையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையில் தையல் மிசின் கொடுக்கும் நிகழ்வு ஒன்றின் படம் வந்திருந்தது. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் மிசின்கள், கீழே "வாழ்வாதார உதவி" என்ற எழுத்து. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்துவிட்டோம். அந்த உதவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்கும் ஒரு மிசின் அப்படிக் கிடைத்ததுதான், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைத்துத்தான் என் கடைசி மகளைப் படிப்பித்தேன். ஆனால் தையல் என்றால் காசு, கடன், ஓடர் என்று மட்டும் கதைத்துக் கதைத்து, வீட்டில் நாலு பேர் கூடியிருந்து தைப்பதில் ஒரு சந்தோசம் இருந்தது என்பதை மறந்துகொண்டு வருகிறோம். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு முள்ளியவளையில். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் வந்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரியும் ஏழு நாளும் ஊரில் மச்சம் மாமிசம் இல்லை, வீடெல்லாம் கழுவித் துடைத்திருக்கும், வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் ஒவ்வொருவராக வந்து இறங்கும். கிளிநொச்சியிலிருந்து தங்கச்சி வருவாள், தம்பி குடும்பம் மடுப் பக்கமிருந்து வரும், அண்ணன் குடும்பம் கனடாவிலிருந்து இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கா வரும். காலையில் கோவில், பின்னேரம் கோவில். நடுவில் வெயில் கொளுத்துகிற அந்த மத்தியான நேரத்தில் விறாந்தையில் பாயை விரித்துவிட்டு என்ன செய்வது? எங்கள் அம்மா இருந்த காலத்திலிருந்து அந்த நேரத்தில் நாங்கள் போர்வை தைக்கிறோம்.

எங்கள் வீட்டில் அதற்குத் துண்டுப் போர்வை என்று பெயர். பழைய பருத்திச் சீலையை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டி, கையால் நூலோட்டுவது. ஆறு யார் சீலையை மூன்றாக வெட்டினால் இரண்டு யார் நீளத்தில் மூன்று அடுக்கு வரும், ஒரு ஆள் போர்க்க அது காணும். நைலெக்ஸ் சீலை சரிவராது, அடுக்கு வழுக்கிக்கொண்டே போகும், போர்த்தாலும் வேர்க்கும். பல தரம் தோய்த்துத் தோய்த்து மெலிந்துபோன பருத்திதான் நல்லது, ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். துணியை முதல்நாளே தோய்த்துக் காயவிட்டு, பாயில் விரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, செம்பின் அடியால் நடுவிலிருந்து ஓரம் பார்த்துத் தேய்க்க வேண்டும். தையலையும் நடுவில்தான் தொடங்க வேண்டும், ஓரத்தில் தொடங்கினால் துணி நடுவில் வந்து குவிந்து பொம்மென்று நிற்கும். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி. அம்மா நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஊசியில் கோர்ப்பார், சிக்கும் விழாது, சீக்கிரம் அறுந்தும் போகாது. காட்டுக்குப் போய் வருகிற ஆட்கள் தேனோடு கொண்டு வந்து தரும் மெழுகு அது. என் மச்சாள், தம்பியின் மனைவி, வேதக்காரி, அவர் மடு மாதா கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டு ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பார். இப்போது எங்கள் தையல் பெட்டியில் இரண்டு மெழுகும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது.

விளக்கு வைத்த பிறகு ஊசி தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். இன்றைக்கும் அப்படித்தான், பொழுதுபட ஊசியெல்லாவற்றையும் எண்ணிப் பெட்டியில் போட்டுவிடுவோம்.

அம்மா 2017இல் காலமானார். அவருடைய பெட்டியைத் திறந்தபோது ஏழு சீலைதான் இருந்தது. எழுபத்தெட்டு வயது மனுசிக்கு ஏழே ஏழு சீலை ஏன் என்று கனடாவிலிருந்து வந்த அண்ணன் மகள் கேட்டாள். அவளுக்குத் தெரியாது. வன்னியில் 2009இன் முதல் மாதங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். போகிற இடமெல்லாம் பதுங்குகுழி வெட்ட வேண்டும், வெட்டினால் மேலே அடுக்க மண்மூட்டை வேண்டும், உரப்பை முடிந்துபோன பிறகு சீலையைத்தான் பையாகத் தைத்தோம். அம்மாவின் கூறைச்சீலையை நான்தான் கைமிசினில் ஓட்டினேன். மெரூன் நிறம், அகலக் கரை. நான்கு பையாகத் தைத்ததும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மண் நிரப்பும்போது மட்டும் சரிகைப் பக்கம் உள்ளே வரும்படி பிடித்தார். பிறகு செட்டிகுளத்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது நிவாரணமாகக் கிடைத்த நீலச் சீலைதான் இந்த ஏழில் முதலாவது. மற்ற ஆறும் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கிக் கொடுத்தவை.

அந்த ஏழையும் என்ன செய்வது? எங்கள் பெரியம்மா, அம்மாவின் தமக்கை, உடனே சொல்லிவிட்டார்: "செத்த ஆளின்ர சீலையைப் பிள்ளையளுக்குப் போர்க்கக் குடுக்கிறதோ? யாருக்கும் தானமாக் குடுங்கோ, இல்லாட்டி எரிச்சுவிடுங்கோ." பெரியம்மா சொன்னதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அப்படி நம்புகிற வீடுகள் நிறைய இருக்கின்றன, அதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. அம்மா கடைசியாக உடுத்திருந்த சீலை அவரோடேயே போய்விட்டது. மற்றவை அவர் கோவிலுக்கு உடுத்தவை, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவை. ஆண்டுத் திவசம் முடியும் வரை தொடாமல் வைத்திருந்தோம். அடுத்த பொங்கல் கிழமை எடுத்துத் தோய்த்து வெயிலில் போட்டு, மடித்துச் சாமியறையில் விளக்குக்கு முன்னால் ஒரு இரவு வைத்தோம். காலையில் சிவபுராணம் படித்துவிட்டு முதல் நூலை நான் ஓட்டினேன். மச்சாள் தன் பாட்டில் செபம் சொல்லிச் சிலுவை போட்டுவிட்டு இரண்டாவது வரியைத் தொடங்கினார். பெரியம்மா அன்றைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து திண்ணையில் இருந்து பார்த்தார். கொஞ்ச நேரம் போனதும், "உந்த வரி கோணுது பிள்ளை, தா இஞ்ச" என்று ஊசியை வாங்கினார். இன்றைக்கும் அவர் அந்தப் போர்வையைப் போர்க்க மாட்டார். ஆனால் தைக்க வருகிறார்.

தைக்கும்போது கதைக்கிற கதை வேறெப்போதும் வராது, ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இருக்கலாம். காணாமல்போன என் மைத்துனரைப் பற்றித் தங்கச்சி அத்தனை வருசம் வாய் திறந்ததில்லை, அவருடைய சாறத் துண்டு ஒன்றை ஓரத்தில் வைத்துத் தைக்கும்போதுதான் அவர் எப்படிச் சிரிப்பார் என்று தன் மகளுக்குச் சொன்னாள். நாங்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஊசி போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஒழுங்கையில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அக்காவின் தாயார் தேயிலைத் தோட்டத்தில் போர்த்த கம்பளி, கரையெல்லாம் பூச்சி தின்றது, அவரிடம் இருந்தது. அதை எறிய மனமில்லாமல் கொண்டு வந்தார். நல்ல பக்கத்தை மட்டும் வெட்டி நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சீலை போட்டுத் தைத்தோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் போன கையோடு ஒரு குளிர் வந்ததே, வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்துப்போனதே, அந்த இரவுகளில் அவருடைய பேரப்பிள்ளைகள் மூன்றும் அதற்குள்தான் படுத்தன. வன்னியில் குளிரே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அண்ணன் மகள் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள், வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயராம், பழைய சீலையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதைத் தைப்பார்களாம். கர்நாடகத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவுக்குத் தைத்துக்கொண்டு வருவார்களாம், நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டார்களாம். கேட்கக் கேட்கப் பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்களைப்போல ஆக்கள் எல்லா இடத்திலும் இருக்கினம்" என்றார். இந்த வருசப் போர்வையில் மூலைப்பூ வைத்திருக்கிறோம், ஒன்று மட்டும் சரியாக வரவில்லை.

என் பெறாமகள் ஒருத்தி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். விடியப்புறம் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் திரும்புவாள். நாள் முழுக்க அவள் தைப்பது கையின் ஒரு மூட்டு, அது மட்டும், மணிக்கு இத்தனை என்று கணக்கு. லீவுக்கு வந்தவள் எங்களோடு இருந்து மூன்று நாள் கையால் தைத்தாள். "சின்னம்மா, முழுசா ஒரு சாமானைத் தைச்சு முடிச்சு எத்தினை வருசம்" என்றாள். கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. ஊருக்கு ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, தையல் பழக்கும் நிலையங்கள் இருக்கின்றன, கோவில் மடங்களும் பங்கு மண்டபங்களும் பாதி நாள் சும்மா பூட்டிக் கிடக்கின்றன. மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சான்றிதழ் இல்லாமல், ஓடர் இல்லாமல், படம் பிடிக்க ஆள் இல்லாமல், வீட்டிலிருக்கும் பழைய துணியோடு வந்து இருந்து தைக்க இடம் விடுங்கள். தேத்தண்ணியும் கச்சானும் நாங்களே கொண்டு வருவோம். இளம்பிள்ளைகள் வந்தால் பழக்கிவிட என்னைப்போல நாலைந்து பேர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். இதைக் கொழும்பில் நல்ல விலைக்கு விற்கலாம் என்று ஒரு திட்ட அலுவலர் எனக்குச் சொன்னார். விற்க விரும்புகிறவர்கள் விற்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அம்மாவின் சீலை விலைக்கு இல்லை.

எங்கள் போர்வை வருசத்தில் இரண்டு தரம் வீட்டைவிட்டு வெளியே போகும். பொங்கலன்று இரவு வற்றாப்பளையில் கோவில் வெளி மணலில் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைப்போம், பறைச்சத்தத்துக்கும் அசையாமல் தூங்குவார்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு மச்சாளோடு போகும்போது அங்கே மரத்தடியில் விரிப்போம். இரண்டு கோவில் மண்ணும் அதன் தையலுக்குள் இருக்கிறது, எவ்வளவு உதறினாலும் கொஞ்சம் நிற்கும்.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு கேள்வி. அம்மா ஓரத்தை மடித்துத் தைக்கிற விதம் ஒன்று இருந்தது. வெளியில் நூல் தெரியாது, கயிறு மாதிரி உருண்டையாக வரும். தன் தாயாரிடம் பழகியது என்பார், தாயாரின் ஊர் வவுனிக்குளம் பக்கம். அவர் இருக்கும்போது கேட்டுப் பழகாமல் விட்டுவிட்டேன். அவர் தைத்த பழைய போர்வை ஒன்றும் இடப்பெயர்வுகளில் மிஞ்சவில்லை, பிரித்துப் பார்ப்பதற்கும் வழியில்லை. அந்தப் பக்கத்தில் யார் வீட்டிலாவது அப்படி ஓரம் உருட்டித் தைத்த போர்வை இருந்தால், அல்லது அந்தத் தையல் தெரிந்த வயதானவர்கள் இருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூலைப்பூ வைத்த இந்த வருசப் போர்வையின் ஓரத்தை இன்னும் முடிக்காமல் ஊசியோடு மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முள்ளியவளை.