மார்கழியில் பெண்கடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழக்கமில்லாத ஊரை வைத்து நாவல் எழுதுகிறவர்கள் ஒரு வாரமாவது அங்கே போய்த் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஊர் கடற்கரையாக இருந்தால் ஒரு வாரம் போதாது, ஒரு தடவை போய் வந்தாலும் போதாது. அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

நான் நாமக்கல்காரன். கடல் என்றால் எனக்கு மெரினாதான், அதையும் பத்தொன்பது வயதில்தான் பார்த்தேன். மூன்று வருடமாக, 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். புயலைப் பற்றிப் படிக்க நிறையவே இருக்கிறது. பயணிகளோடு கடலில் மூழ்கிய ரயில், சிதைந்த பாம்பன் பாலம், இன்றும் சுவரோடு நிற்கும் தேவாலயம். ஆனால் புயலுக்கு முதல்நாள் சாயங்காலம் ஒரு மீனவர் வீட்டு வாசலில் நின்றால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், அவருடைய படகு எந்தக் கரையில் கிடக்கும்? நான் படித்த எதிலும் இது இல்லை.

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு ஜூலையில் போய் எட்டு நாள் தங்கினேன். தனுஷ்கோடியில் ரோட்டின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். நான் போனபோது தெற்கே அலை ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது, வடக்கே திரும்பினால் எங்கள் ஊர் ஏரி மாதிரி தண்ணீர் அசையாமல் கிடந்தது. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். புயலுக்கு முந்தின நாளை அந்த அமைதியில்தான் வைத்தேன். பெண்கடல் ஓரம் வரிசையாகப் படகுகள், கரையில் வலை பின்னும் ஆட்கள், விளையாடும் பிள்ளைகள்.

அந்த அத்தியாயத்தை, அங்கே பழக்கமான ஒரு பெரியவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். புயலின்போது அவருக்குப் பத்து வயது. முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, மார்கழியில வடக்க எவன் படகு கட்டுவான்? வாடையில எல்லாப் படகும் தெக்கதான கெடக்கும்" என்றார்.

அன்றைக்கே நாற்பது பக்கத்தை எடுத்து வைத்துவிட்டேன். அந்த டிசம்பரிலேயே மறுபடி போனேன். வடக்குக் கரையில் நிற்கவே முடியவில்லை, காற்று மணலை வாரிக் கணுக்காலில் அடிக்கிறது. நான் ஏரி என்று எழுதிய தண்ணீர் கலங்கி, குட்டைக் குட்டையான அலையாக, மூச்சுவிட நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் ஆண்கடல் சாதுவாகக் கிடக்கிறது, படகுகள் எல்லாம் அங்கே. காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரம் தீவும் இலங்கையின் தலைமன்னார் வரை போகும் மணல் தீடைகளும், அதாவது மணல் திட்டுகளும், குறுக்கே கிடந்து வடக்குக் கடலை மறைத்துவிடுகின்றன. வடக்கேயிருந்து வரும் வாடைக்கு அப்படி எந்த மறைப்பும் இல்லை, பாக் விரிகுடா முழுக்கத் தள்ளிக்கொண்டு நேரே வடக்குக் கரையில் வந்து மோதுகிறது. அங்கே ஆழமும் குறைவு, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், அதனால் தண்ணீர் சீக்கிரம் கலங்கிவிடும். மன்னார் வளைகுடாவோ ஆயிரம் மீட்டருக்கு மேலும் இறங்கும் கடல். காற்று மாறும்போது மீனவர்களும் கரை மாறுகிறார்கள், குடிசையைக்கூடப் பிரித்துக் கட்டுகிறவர்கள் உண்டு.

அப்புறம் மே மாத விடுமுறையில் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அறுபதுகளில் அப்படி ஒரு தடையே கிடையாது.

இரண்டாவது தடவை போனபோது இன்னொன்றும் பார்த்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அம்மா மணலைக் கையாலேயே தோண்டிக் குழியாக்கி, தண்ணீர் ஊறும்வரை குந்தியிருந்து, சின்னக் கிண்ணத்தால் கலங்காமல் மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடித்துப் பார்த்தேன், உப்பே இல்லை. ஊத்து என்கிறார்கள். என் நாவலில் குடிதண்ணீர் ராமேஸ்வரத்திலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தது!

இப்போது தங்களிடம் ஒரு கோரிக்கை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நாலு காற்றுக்கும் பெயர் இருக்கிறது: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். கடற்கரையில் வாடையும் கொண்டலும் அப்படியே இருக்கின்றன, ஆனால் தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஒவ்வொன்றுக்கும் மாதம், அதில் ஓடும் மீன், எந்தக் கரையில் தொழில் என்று ஒரு கணக்கே இருக்கிறது. கோயில் கோபுரத்தையும் டிவி டவரையும் நேர் பிடித்துக் கடலில் இடம் கண்ட தலைமுறைக்கு இதெல்லாம் மனப்பாடம். ஜிபிஎஸ் வைத்திருக்கும் பேரன்களுக்கு அந்தத் தேவை இல்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தங்கள் மாவட்டப் பக்கத்தில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை வரும் இடத்திலேயே, வாரம் ஒரு நாள் ஒரு மூத்த மீனவரையோ பாசி எடுக்கும் ஒரு அம்மாவையோ பேசவைத்து, அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் போடுங்கள். நாவல் எழுதுகிறவனுக்கு மட்டுமா அது உதவும்?

நான் சொன்ன பெரியவரிடமிருந்தே தொடங்கலாம், பேசச் சம்மதித்திருக்கிறார். ஆள் அனுப்புவதாக இருந்தால் பங்குனிக்குள் அனுப்புங்கள், இப்போது தெற்குக் கரையில் இருக்கிறார். காற்று மாறினால் வடக்கே போய்த்தான் தேட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்