உன் பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன்

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு காலை

அன்புள்ள மாறா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டேன், கணக்குத் தீர்ந்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தங்கச்சி கொடுத்தனுப்பிய ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாட்டிலைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று சொல். கோபால் இன்னும் அதே சட்டைதான். ஊர்ச் செய்தி அவ்வளவே.

தம்பியின் வைசூக்குக்கு, அதான் அந்த யமஹா ஒய்15 மோட்டர்சைக்கிளுக்கு, நீ அனுப்பிய சாமான் பட்டியலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பதினான்கு சாமான், ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட். இதற்கு வாட்சாப்பில் பதில் போட்டால் கட்டைவிரல் தேய்ந்துவிடும். மூன்று தடவை படித்தேன்டா. நல்ல டயர் இல்லை, மழைச்சட்டை இல்லை, பூட்டு இல்லை. ஊதா நிற ஸ்க்ரூ மட்டும் இரண்டு செட் இருக்கிறது! இது நீ எழுதிய பட்டியலா, தம்பி எழுதி நீ கையெழுத்துப் போட்டதா?

முதல் வரியிலேயே விளக்கு. நீ பயப்படுவது அதற்காகத்தான் என்று புரிகிறது. அடுத்த மாதத்திலிருந்து தம்பிக்கு ராத்திரி ஷிஃப்ட், செம்பனை எண்ணெய் ஆலை லிந்தாங் பக்கம். தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் தெருவிளக்கை மறந்துவிட வேண்டியதுதான். லோரியிலிருந்து சிந்திய உதிரிப்பழம், வெட்டிப்போட்ட மட்டை, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, எதற்கும் விளக்கு கிடையாது. அதனால் விளக்குக்குக் காசு செலவழி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீ இரண்டு சாமானை ஒன்றாக நினைத்து எழுதியிருக்கிறாய். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பல்பை எடுத்துவிட்டு எல்இடி பல்ப் மாட்டுவது ஒன்று. கீழே தனியாக ஸ்போட் லைட் வைப்பது இன்னொன்று. முதலாவதை அடித்துவிட்டேன்.

ஏன் என்று கேள். பழைய பல்பில் வெளிச்சம் வருவது மெல்லிய கம்பிச்சுருளிலிருந்து. அந்தச் சுருள் எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்குக் கணக்குப் போட்டுத்தான் பின்னால் உள்ள பளபளப்புக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் வெளிச்சம் மேலே சிதறும். முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் வெள்ளை வெளேரென்று இருக்கும், பார்க்கிற கண் அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொள்ளும், நாற்பது மீட்டருக்கு அப்பால் முன்பைவிட இருட்டாகத் தெரியும். எதிரே வருகிறவனுக்கோ கண் கூசி ரோடே தெரியாது. எதிரே வருவது பெரும்பாலும் பழம் ஏற்றிய லோரி என்பதை நினைவில் வை. உன் மோட்டரில் முதலிலிருந்தே எல்இடி ஹெட்லைட் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அதைத் தொடாதே. பழைய மாடலாக இருந்து, பல்பின் அடியில் எச்எஸ்1 என்று எழுதியிருந்தால், அது 35 வாட். அதைப்போலவே இருக்கிறது என்று யாராவது காருக்குப் போடும் எச்4 பல்பைத் திணிக்கப் பார்ப்பார்கள். அது 60 வாட். சொக்கெட்டின் பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு உருகும்.

இனி ஸ்போட் லைட். அட்டையில் 60 வாட், 80 வாட் என்று போட்டிருப்பதை நம்பாதே. மல்டிமீட்டரில் ஆம்பியர் வைத்து அளந்து பார். ஒரு ஜோடி 3 ஆம்பியருக்குள் இழுத்தால் சரி, அதாவது ஏறக்குறைய 40 வாட். அதற்கு மேல் போனால் கப்சாய் மாதிரிச் சின்ன மோட்டர் தாங்காது. அதன் பேட்டரியே 3, 4 ஆம்பியர்-அவர்தான். 1992-லிருந்து பகலிலும் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்று இங்கே சட்டம், அதனால் மோட்டர் ஓடும் நேரமெல்லாம் அந்தச் சுமை ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. மாட்டி முடித்தபின் சோதனை இப்படி: எல்லா விளக்கையும் போடு, எஞ்சினை 5,000 ஆர்பிஎம்மில் பிடி, பேட்டரி முனையில் வோல்ட் பார். 13.5-க்கு மேல் நின்றால் நிம்மதி. 13-க்குக் கீழே இறங்கினால் வெளிச்சத்தை பேட்டரிதான் கைக்காசு போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

வயரிங்தான் இதில் உயிர். ஹெட்லைட் வயரைக் கீறி அதிலிருந்தே இழுத்துக் கொடுக்கும் போமெனிடம் (மெக்கானிக்கிடம்) விடாதே. நான்கு கால் ரிலே ஒன்று வாங்கு, சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக 30-ஆம் காலுக்கு, 87-லிருந்து விளக்குக்கு, 85 நெகட்டிவுக்கு, 86 ஹேண்டில் சுவிட்ச் வழியாகச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயருக்கு. பியூஸ் 5 ஆம்பியர் போதும், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசிப் புகையும்போது அந்த பியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். உரசுகிற இடமும் தெரிந்ததே: ஹேண்டில் திரும்பும் கழுத்து. கட்டி முடித்ததும் ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இருபது தடவை திருப்பச் சொல். எங்காவது வயர் விறைத்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். நெகட்டிவை ஃப்ரேமில் பெயிண்ட் மேல் முடுக்கிவிட்டுப் போவார்கள், விளக்கு மினுக்கும். நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோ.

கடைசியாகக் கோணம். இதை எவனும் செய்வதில்லை, அதுதான் எரிச்சல். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி மோட்டரை நிறுத்து. தம்பி ஏறி உட்காரட்டும், வெறும் மோட்டரில் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், கணக்கு தப்பும். ஸ்போட் லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்குக்கட்டியால் குறி. வெளிச்சத்தின் பிரகாசமான நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். நிறம் மஞ்சளாக வாங்கு. ஈரத் தாரில் மஞ்சள் கண்ணைக் குத்தாமல் மேடு பள்ளம் காட்டும். வெள்ளைதான் ‘பவர்’ என்று தம்பி வாதாடுவான். ரோட்டுக் குழியில் விழுந்து எழுந்தபின் வாதாடச் சொல்.

அப்பாடா, விளக்கு முடிந்தது. பால் இல்லாமல் ஒரு தே ஓ குடித்துவிட்டு வந்தேன்.

இனி நான் உண்மையாகவே பயந்த வரி: மடக்கு பிரேக் லிவர், சிவப்பு. பார்க்கச் சின்னச் சாமான், பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையிலும் தொங்கும். மாறா, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. முன் பிரேக் லிவரின் உள்பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு இருக்கும், அதுதான் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் பம்பின் பிஸ்டனைத் தள்ளுகிறது. லிவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளை திறக்கும். மலிவு லிவரில் அந்த மூக்கு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் போதும், பிஸ்டன் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பதினைந்து நிமிடம் ஓடியதும் எண்ணெய் சூடேறி விரியும், திரும்பிப் போக வழியில்லை, பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடிக்கப் பிடிக்க இன்னும் சூடு, இன்னும் இறுக்கம். முன்சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கித் தொலைத்திருந்தால் விரல் நுனியால் லிவரை அசைத்துப் பார்: பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சமாவது ஆட்டம் இருக்க வேண்டும். பிரேக் விளக்கு, லிவரை விட்டதும் அணைகிறதா என்றும் பார். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அன்றைக்கே பழைய லிவரை மாட்டு. பழையதைத் தூக்கிப் போடவில்லையே?

ஊதா ஸ்க்ரூவும் அதே சாதி. பக்கக் கவரில் போடு, அழகுக்கு அழகு. பிரேக் காலிப்பரிலும் சக்கர அச்சிலும் கைவைக்கக் கூடாது. அந்த நிறம் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் ஏற்றிய சாயம், அங்கே விழும் இழுப்பை அலுமினியம் தாங்காது.

மெலிந்த டயருக்கு நான் விளக்கமே எழுதப் போவதில்லை. முன்னால் 90/80-17, பின்னால் 120/70-17, யமஹா கொடுத்த அளவு. அதைவிட ஒல்லியாகப் போட்டால் பார்க்க மட்டும் ரேஸ், மழையில் சறுக்குமரம். ஒல்லியான 415 செயினும் அப்படியே, 428-ஐ விடாதே. புகை பைப் மாற்றுவது உன் இஷ்டம், ஆனால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் இன்னும் இருக்கிறது, சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ரோட்டுத் தடுப்பும் இருக்கிறது. சம்மன் உன் பெயருக்குத்தான் வரும், மோட்டர் உன் பெயரில்.

பின்னால் மாட்டும் பாக்ஸ் வாங்கு, வருத்தப்பட மாட்டாய். மழைச்சட்டை, சாப்பாட்டுத் தூக்கு, காலணி எல்லாம் உள்ளே போகும். ஆனால் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சின்னப் பாக்ஸுக்குப் பெரும்பாலும் 3 கிலோ. பெட்டி பெரிது என்று அரிசி மூட்டையை வைத்தால் கனம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும், முன்சக்கரம் லேசாகும், 90 கிலோமீட்டரில் ஹேண்டில் தலையாட்டும். முதலில் விரிசல் விடுவது பாக்ஸ் அல்ல, அடியில் இருக்கும் இரும்பின் வெல்டிங். மாதம் ஒருமுறை அந்த மூலையைத் துணியால் துடைத்துப் பார், துருக் கோடு மயிரிழைபோல ஓடும். நைலான் வைத்த நட் போடு. நம்ம காஸ் சிலிண்டர் பயணத்தை இங்கே நினைவுபடுத்த மாட்டேன், தங்கச்சியும் கடிதத்தைப் படிப்பாள்.

போன் பிடிப்பானில் அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ளது வேண்டும். கேமராவுக்குள் ஆடும் கண்ணாடி எஞ்சின் அதிர்வில் கெடலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. யுஎஸ்பி சார்ஜரைச் சாவி வழியாகவே இணை. நேராகப் பேட்டரியில் இணைத்தால், சும்மா நிற்கும்போதே 10 மில்லி ஆம்பியர் குடிக்கும் சாமானாக இருந்தால்கூட, பத்து நாளில் 2.4 ஆம்பியர்-அவர் போய்விடும். தீபாவளி லீவு முடிந்து வந்து உதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பின்னால் பார்க்கும் கண்ணாடி மாற்றுவதானால் ஒன்று: யமஹாவில் வலது கண்ணாடியின் மரை எதிர்த்திசை. தெரியாமல் வழக்கம்போல முறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் ஏராளம்.

அடித்ததற்குப் பதிலாக நான் சேர்த்தவை இவை. இரண்டு துண்டு மழைச்சட்டை, தையலுக்கு மேல் உள்பக்கம் டேப் ஒட்டியது. போர்வைபோலத் தொங்கும் போன்சோ வேண்டவே வேண்டாம், காற்றில் பறந்து செயினுக்குள் போகும், போனால் ஆளையும் சேர்த்து இழுக்கும். காலுக்கு அடிடாஸ் கம்போங் என்கிற ரப்பர்க் காலணி, நம்ம பால்மரம் வெட்டிய காலத்து ராஜா, நனைந்தால் நனையட்டும். பிரேக் தட்டில் மாட்டும் நல்ல டிஸ்க் பூட்டு ஒன்று, அதோடு ஹேண்டிலில் மாட்டும் சுருள் கயிறு. கயிறு இல்லையென்றால் பூட்டியதை மறந்து கிளம்புவான், முதல் சுற்றிலேயே கீழே. வைசூக்கு எல்லாருக்கும் பிடித்த மோட்டர், திருடனுக்கும்தான். சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் உள்ள ஹெல்மெட், கறுப்பு வைசர் கூடாது, ராத்திரி ஷிஃப்ட்காரனுக்குக் கறுப்பு வைசர் எதற்கு?

அப்புறம் டயர் ஒட்டும் பெட்டி. செம்பனை மட்டையின் முள் டயரில் ஏறினால் ஊசிபோல நிற்கும். டியூப்லெஸ் என்பதால் உடனே காற்று போகாது. முள்ளைப் பிடுங்குவதற்கு முன் சாக்குக்கட்டியால் இடத்தைக் குறிக்கச் சொல், பிடுங்கியபின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. முறுக்கு ஊசியை முள் போன கோணத்திலேயே விட்டுச் சுரண்டி, பசை தடவிய ரப்பர்க் கயிற்றைக் குத்தி, கொஞ்சம் வெளியே விட்டு வெட்ட வேண்டும். ஓட்டை அடைக்க டயருக்குள் ஊற்றும் பச்சைத் தண்ணீர் வேண்டாம், பிறகு டயர் மாற்றும்போது ரிம் முழுவதும் பிசின், போமென் உன்னைத்தான் வைவான். காற்றடிக்க பேட்டரியில் மாட்டும் பம்ப் வாங்காதே, அது 8, 10 ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் போடும் கைப்பம்ப் வாங்கு.

கூட்டிப் பார்த்தேன், ஆயிரத்து ஐந்நூறில் பாதிகூட ஆகாது. மிச்சத்தில் இரண்டு டயரும் முன் பிரேக் பேடும் மாற்று. பழைய மோட்டர்தானே, யார் ஓட்டியதோ.

நீ ஊருக்கு வருவது சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே ரிலேயும் வயரும் வாங்கி வைக்கிறேன். வயர் 1 சதுர மில்லிமீட்டர், ஐந்து மீட்டர், சிவப்பும் கறுப்பும். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது, கோபாலிடம் கேட்காதே, தரமாட்டான். அதுவரை தம்பி லிவரைத் தொடாமல் பார்த்துக்கொள்.

உன்
சேகர்

பி.கு: ஊதா ஸ்க்ரூவை வாங்கிவிட்டானா? வாங்கியிருந்தால் நம்பர் பிளேட்டுக்குப் போடலாம், நாலு போதும்.