தரங்கம்பாடி போய் வந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா, மழையா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு தரங்கம்பாடி போய் வந்தேன். மயிலாடுதுறையிலிருந்து எத்தனை தூரம் சொல்லு! திருக்கடையூருக்கு எத்தனையோ அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அதைத் தாண்டி இறங்க இத்தனை வயது ஆகியிருக்கிறது. எல்லோரும் நேரே கோட்டைக்குத்தான் போகிறார்கள். 1620-இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. நானும் ஒரு சுற்று பார்த்தேன். பாதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலிலும் கும்பிட்டேன். ஆனால் நான் போனது ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்காக.

காலை ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்வரை வெளியே நின்றேன். முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீட முத்திரை, 1718 என்று வருடம். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் வெயில் தெரியவில்லை, அவ்வளவு கனமான சுவர். பீடத்துக்கு முன்னால்தான் சீகன்பால்குவை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1706-இல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர், கிறிஸ்தவ மத போதகர். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். இந்த ஆலயத்தைக் கட்டி முடித்து நாலு மாதம்தான் இருந்தார். 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், அம்மா.

நான் 26 வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டராக நின்றவன். கொம்பு எந்தக் குழியில், கால் எந்தக் குழியில் என்று பார்க்காமலே கை போகும். தலைகீழாகக் கிடக்கிற ஈய எழுத்தைத்தான் எனக்கு வேகமாகப் படிக்க வரும். அந்த எழுத்து எங்கள் ஊர்ப் பக்கம் எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தமிழில் அச்சு அதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் நம் காவிரிக் கரைக்கு அதைக் கொண்டுவந்தவர் இவர். 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு. பெரிய எழுத்து பேப்பரைத் தின்னும், எனக்குத் தெரியும். பேப்பரோ கப்பலில் வரவேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள். பொறையாறு பக்கம் காகிதமும் செய்ய ஆரம்பித்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று இன்றைக்கும் அங்கே ஒரு இடத்துக்குப் பேர்.

சீகன்பால்குவின் கல்லறைக்கு முன்னால் நின்றபோது எங்கள் அச்சகத்தை மூடிய நாள் ஞாபகம் வந்தது. ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்த பிறகு, கேஸ் கேஸாக எழுத்தைச் சாக்கில் கொட்டி எடைக்குப் போட்டார்கள். 'ழ' மட்டும் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீ அப்போது ஆறாவது. இது எதுக்குப்பா என்று கேட்டாய். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பீடத்தின் முன்னால் கண் கலங்கிவிட்டது. நான் அந்த மதத்துக்காரன் இல்லை, ஆனாலும் கை தானாகக் கூப்பியது. ஆலயத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி ஒன்றும் கேட்காமல் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

சரி, பொங்கலுக்கு வருவாய் அல்லவா? மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நாம் இரண்டு பேரும் மட்டும் போய் வருவோம். அந்த எழுத்துகளைத் தேடி எடுத்துவிட்டேன், பதினேழு இருக்கிறது. எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக் துருப்பிடித்திருந்தது. தேய்த்து எண்ணெய் தடவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா